தீர்ந்த டியூபும் தீராத புட்டியும்

பொம்மைக் குதிரைகளுக்குப் பூச தமியா எக்ஸ்எஃப்-1 கறுப்புப் பெயிண்ட் புட்டி வாங்கி மூன்று வருஷமாகிறது. பாதிகூட இறங்கவில்லை. இத்தனைக்கும் ஆறு கறுப்புக் குதிரைகள் முடித்திருக்கிறேன்.

நான் பூசுவது 1:32 அளவுக் குட்டிக் குதிரைகள், அதாவது நிஜக் குதிரையில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. தோள்வரை ஐந்து சென்டிமீட்டர் இருக்கும். இடம், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டு முன்வாசல். பழுப்புக் குதிரைக்குப் பழுப்பு பெயிண்ட் போதும் என்று நினைத்துதான் முதலில் வல்லெஹோ மகாகனி பிரவுன் வாங்கினேன். காய்ந்ததும் குதிரை சாக்லெட் பொம்மை ஆகிவிட்டது. அடுத்ததற்கு உடம்பெல்லாம் வெள்ளை, மூக்குக்கு ரோஸ். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "என்ன தம்பி, முனியாண்டி கோயில் குதிர குட்டி போட்டுருச்சா?" என்றார்.

பெரியப்பாவிடம் காட்டினேன். ஈப்போ பந்தயத் திடலில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். "வெள்ளக் குதிரன்னு நீ சொல்றது பொறக்கும்போது கறுப்பாவோ செவலையாவோதான்டா இருக்கும். அப்புறம் மசுருதான் நரைக்கும். தோலு கறுப்பு. மூக்கையும் கண்ண சுத்தியும் கறுப்படி" என்றார். முகத்தில் இருக்கும் வெள்ளைப் பட்டை மூக்குவரை இறங்கினால் அங்கே மட்டும் ரோஸ். வெள்ளைக் காலுக்குப் பெரும்பாலும் குளம்பும் வெளிறியிருக்கும். செஸ்ட்நட் என்கிற செவலைக்குப் பிடரியில் கறுப்பு கிடையாது. உடம்பு சிவந்த பழுப்பாக இருந்து பிடரி, வால், கால் அடிப்பாகம் கறுத்திருந்தால் அது பே.

இப்போது நான் பழுப்பில் தொடங்குவதே இல்லை. எக்ஸ்எஃப்-59 டெசர்ட் யெல்லோவில் எக்ஸ்எஃப்-64 சிவப்புப் பழுப்பு இரண்டு சொட்டு விட்டு, உடம்பு முழுக்க அடித்து நன்றாகக் காயவிடுவேன். அதன்மேல் பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பு ஆயில் பெயிண்டை மெல்லிசாகத் தேய்த்து, பத்து நிமிஷம் பொறுத்து, முகத்துக்குப் பவுடர் போடுகிற ஸ்பஞ்சால் ஒற்றி எடுப்பேன். தொடை, தோள், விலா மேடுகளில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். கவட்டிலும் கழுத்து மடிப்பிலும் இருட்டு தங்கும். தோலுக்கடியில் சதை இருக்கிற மாதிரி தெரிவது அப்போதுதான். அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும். நம் ஊர் ஈரத்திலும் இரண்டு மூன்று நாளில் தொடலாம். டைட்டானியம் வெள்ளை பத்து நாளாகியும் பிசுபிசுக்கும்.

கறுப்புக் குதிரைக்கும் அதே அம்பரில்தான் கொஞ்சம் கறுப்பைக் கலக்கிறேன். வெயிலில் நிற்கிற கறுப்புக் குதிரையின் மயிர் துருப்பிடித்தாற்போல் வெளுக்கும். வெளிச்சம் காட்ட வெள்ளையைக் கலந்தால் எலி நிறம் வந்துவிடுகிறது, சிவப்புப் பழுப்புதான் சரி.

கலவையை ராத்திரி டியூப் லைட்டில் முடிவு செய்யாதீர்கள், காலையில் அழுவீர்கள். மழை கட்டிய சாயங்காலம் வார்னிஷ் ஸ்ப்ரேயும் வேண்டாம். பொன்னிறக் குதிரை ஒன்று அப்படித்தான் பனி மூடினாற்போல் வெளுத்துப்போனது. தப்பு என்னுடையது. அதற்கப்புறம் வார்னிஷைத் தூரிகையால்தான் பூசுகிறேன்.

அம்பர் டியூப் இரண்டாவதும் இந்த மாதம் தீர்ந்துவிட்டது. அந்த ரோஸ் மூக்குக் குதிரை இப்போது என்னிடம் இல்லை. அக்கா கேட்டு வாங்கிப்போய் சாமி மேடையில் வைத்துவிட்டார்.