காய்கறிப் பயிர்களுக்கான திசு வளர்ப்புத் தொகுப்பு: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் செய்முறை வகுப்புகளை நடத்தும் நான், செடியின் சிறு துண்டைக் கிருமியற்ற குடுவையில் வளர்த்து முழுச் செடியாக்கும் திசு வளர்ப்புக்கென, காய்கறிப் பயிர்களுக்கென்றே தயாரிக்கப்படும் தொகுப்பு ஒன்றை எட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் ஆகிய நான்கிலும் சோதித்துப் பார்த்தேன். பெட்டிக்குள் ஒரு லிட்டருக்கு ஒன்றாக அளந்து கட்டிய ஊடகத் தூள் (திசுவுக்கு உணவாகும் ஊட்டச்சத்துக் கலவை) பொட்டலங்கள், ஊடகத்தைக் கூழாக இறுக்கும் அகர், நான்கு சிறு குப்பிகளில் ஹார்மோன் கரைசல்கள், காற்று வடிகட்டி பதித்த மூடியுள்ள குடுவைகள், இடுக்கி, கத்தி, ஒரு கையேடு ஆகியவை இருக்கின்றன. உயர் அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவும், வடிகட்டிய காற்று வீசும் லேமினார் காற்றோட்ட மேடையும் வாங்குபவரிடம் ஏற்கெனவே இருந்தாக வேண்டும். இதைப் பெட்டியின் வெளிப்புறத்திலேயே அச்சிட்டிருக்கலாம்.

முதலில் தூளைப் பற்றி. தாவர உடலியலாளர்கள் முராஷிகே, ஸ்கூக் இருவரும் புகையிலைத் திசுவுக்காக வகுத்து 1962-இல் வெளியிட்ட ஊடகமே இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களில் புழங்குகிறது. இந்தப் பொட்டலத்தில் இருப்பதும் அதுதான். அதைத் தனித்தனி உப்புகளிலிருந்து தயாரித்தவர்களுக்குத்தான் ஆயத்தத் தூளின் அருமை தெரியும். லிட்டருக்கு 1,900 மில்லிகிராம் பொட்டாசியம் நைட்ரேட்டை எடை போடுவது எளிது. ஆனால் தாமிர சல்பேட் லிட்டருக்கு 0.025 மில்லிகிராம்தான் தேவைப்படுவதால் அதை நேரடியாக எடை போடவே முடியாது, செறிந்த கரைசல்களாக முன்கூட்டியே தயாரித்து, குளிரூட்டியில் வைத்து, வரிசை மாறாமல் கலக்க வேண்டியிருக்கும். அந்த வேலை முழுவதையும் இந்தத் தூள் மிச்சப்படுத்துகிறது. லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை சேர்த்து, அமில காரத்தன்மையை (pH) 5.8-க்குக் கொண்டுவந்து, அகர் கலந்து, 121 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் வைத்து எடுத்தபோது ஒருமுறைகூட ஊடகம் கலங்கவில்லை, அடியில் படிவும் தங்கவில்லை. ஈரம் பட்டால் தூள் கட்டிதட்டிவிடும் என்பதால், பிரித்த பொட்டலத்தை அன்றே முழுவதுமாகக் கரைத்துவிடுவது நல்லது.

ஹார்மோன்களில்தான் எனக்குக் கடுமையான குறை இருக்கிறது. பொதுவாக வேரைத் தூண்டும் ஆக்சினுக்கும், தண்டைத் தூண்டும் சைட்டோகைனினுக்கும் இடையிலான விகிதமே ஒரு திசுத் துண்டு தண்டாகுமா, வேராகுமா, உருவமற்ற செல் திரளான கேலஸாகவே பெருகுமா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதை ஸ்கூகும் மில்லரும் 1957-இலேயே காட்டிவிட்டார்கள். அந்த விகிதம் பயிருக்குப் பயிர், ஒரே பயிரிலும் இரகத்துக்கு இரகம் மாறும். அப்படியிருக்க, இந்தக் கையேடு 'காய்கறிகளுக்கு' என்று ஒரே ஓர் அளவைத் தருகிறது. அந்த அளவில் கத்தரி அழகாக வந்தது. வித்திலைத் துண்டுகளின் வெட்டுவாயில் நான்காம் வாரத்தில் பச்சை மொட்டுகள் திரண்டு, சில வாரங்களில் பிரித்தெடுக்கும் அளவுக்குத் தண்டுகளாயின. கத்தரி இயல்பிலேயே திசு வளர்ப்புக்கு இணக்கமான பயிர் என்பதால், அந்த வெற்றியைக் கையேட்டின் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. தக்காளியில் பி.ஏ.பி. என்ற சைட்டோகைனின் கரைசலை விட்டு ஜியாட்டின் என்ற மற்றொரு சைட்டோகைனினுக்கு மாறிய பிறகுதான் தண்டுகள் தெளிவாக எழுந்தன. அந்த மாற்றத்தைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை, ஆனால் ஜியாட்டின் குப்பி மட்டும் பெட்டியில் இருக்கிறது. மிளகாயில் மொட்டுகள் ரோஜாப்பூ அடுக்குப்போல இலைக்கொத்துகளாகக் குவிந்தனவே தவிர, தண்டு நீளவில்லை. மிளகாய் இனத்தின் இந்தப் பிடிவாதம் துறையில் இருப்பவர்கள் நெடுங்காலமாக அறிந்தது. முதல்முறை செய்யும் மாணவருக்கு அதை முன்கூட்டியே சொல்லாததால், அவர் தம் கையின் பிழை என்று எண்ணி வருந்துகிறார். என் வகுப்பில் இருவர் அப்படித்தான் வருந்தினார்கள்.

உருளைக்கிழங்குக்கும் கேலஸ் வழியையே கையேடு பரிந்துரைப்பது எனக்கு விளங்கவில்லை. கணுவுடன் கூடிய சிறு தண்டுத் துண்டை ஹார்மோனே இல்லாத அதே ஊடகத்தில் நட்டால், மூன்று நான்கு வாரங்களில் வேரும் இலையும் விட்டு, மீண்டும் வெட்டி நடுவதற்கேற்ற முழுச் செடியாகிவிடுகிறது. கேலஸ் வழியாக மீண்டெழும் செடிகளில் மரபு மாறுபாடுகள் தோன்றக்கூடும். லார்கினும் ஸ்கௌக்ராஃப்டும் 1981-இல் அதற்கு உடற்செல் மாறுபாடு என்று பெயரிட்டார்கள். நல்ல இரகத்தை அப்படியே பெருக்க விரும்புகிறவருக்குக் கணு வழிதான் பாதுகாப்பானது. அதோடு, 'நச்சுயிரியற்ற நாற்று' (வைரஸ் இல்லாத நாற்று) என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது தவறான நம்பிக்கையைத் தருகிறது. மோரலும் மார்ட்டினும் 1952-இல் டேலியாச் செடியை நச்சுயிரியிலிருந்து மீட்டது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நுனி வளர்திசுவை (தண்டு நுனியில் செல்கள் பிரிந்து பெருகும் பகுதியை) மட்டும் வெட்டியெடுத்து வளர்த்ததால்தான். நோயுற்ற செடியின் வித்திலையையோ கணுவையோ வளர்த்தால், குடுவையில் தூய்மையாகத் தெரியும் அந்தச் செடிக்குள்ளும் நச்சுயிரி இருக்கலாம்.

குடுவைகளைப் பற்றி நிறைவாகச் சொல்லலாம். மூடியிலுள்ள வடிகட்டி காற்றை விட்டுக் கிருமியைத் தடுக்கிறது. உள்ளே நீராவி தேங்காததால், இறுக மூடிய குடுவைகளில் அடிக்கடி பார்க்கும் கண்ணாடிபோன்ற, நீர்கோத்த தண்டுகள் இவற்றில் மிகக் குறைவாகவே தோன்றின. பூஞ்சைத் தொற்றுக்கு மூடியைக் குறை சொல்ல முடியாது. வெளியில் வளர்ந்த செடியின் இலைகளைக் கொண்டு தொடங்கிய குடுவைகளில் பாதிக்குமேல் முதல் வாரத்திலேயே பூஞ்சை படர்ந்தது. விதையை 70 சதவீத எத்தனாலில் அரை நிமிடமும், சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் 10 நிமிடமும் வைத்து, தூய நீரில் மூன்றுமுறை அலசி, குடுவைக்குள்ளேயே முளைக்கவைத்த நாற்றுகளிலிருந்து தொடங்கியபோது இழப்பு மிகவும் குறைந்தது.

குடுவைச் செடியை வெளிக்காற்றுக்குப் பழக்கும் கடினப்படுத்தும் கட்டத்தைக் கையேடு அரைப் பக்கத்தில் முடித்துக்கொள்கிறது. அந்தக் கட்டத்தில்தான் நாங்கள் அதிகச் செடிகளை இழந்தோம். குடுவையின் ஈரக்காற்றில் வளர்ந்த இலைமேல் மெழுகுப் படலம் மெலிந்திருக்கும், இலைத்துளைகளும் காற்று உலர்ந்ததும் சரியாக மூடிக்கொள்ளாது. எனவே வெளியே எடுத்த செடி ஒரே பிற்பகலில் வாடிச் சுருண்டுவிடும். வேரில் ஒட்டிய அகரை வெதுவெதுப்பான நீரில் முழுவதும் கழுவ வேண்டும், இல்லையென்றால் அதிலுள்ள சர்க்கரை பூஞ்சையை வரவழைக்கும். பிறகு தென்னைநார்க் கழிவு நிரப்பிய தொட்டியில் நட்டு, ஒளி ஊடுருவும் உறையால் மூடி, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் உறையைச் சிறிது சிறிதாகத் திறந்து பழக்க வேண்டும். முதல் தொகுதித் தக்காளிச் செடிகளை நான் நான்காம் நாளே முழுவதுமாகத் திறந்துவிட்டேன், ஒன்றுகூடத் தேறவில்லை. இரண்டாம் தொகுதியைப் பொறுமையாகத் திறந்தோம், அவற்றில் பெரும்பாலானவை இப்போது பூத்திருக்கின்றன.

ஆட்டோகிளேவும் ஓரளவு முன்பயிற்சியும் உள்ள ஆய்வகத்துக்கு இத்தொகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தூளுக்காகவும் குடுவைகளுக்காகவும் மட்டுமே வாங்கினாலும் தகும். தனியாகக் கற்கத் தொடங்குபவர், பயிர்வாரியான ஹார்மோன் அளவுகளை வேறிடத்தில் தேடிக்கொண்ட பிறகே வாங்க வேண்டும். ஒளியில் சிதையும் ஐ.ஏ.ஏ. என்ற ஆக்சின் கரைசலை நிறமற்ற குப்பியில் அனுப்பியதைத் தயாரிப்பாளருக்கு எழுதியிருந்தேன். அடுத்து வந்த பெட்டியில் அது பழுப்புக் குப்பியில் இருந்தது. கையேட்டைப் பற்றியும் அதே கடிதத்தில் எழுதியிருந்தேன். அது மட்டும் ஓர் எழுத்தும் மாறாமல் வந்திருக்கிறது.