சாட்ஸ்வர்த் வாக்களிக்கிறதா? எந்தத் தரவிடம் கேட்பது?

"சித்தப்பா, நம்ம ஆளுங்க தேர்தல் அன்னைக்கு வீட்லயே இருந்துடுறாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அதை எண்ணிக் காட்ட முடியுமா?"

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதுகலை படிக்கும் என் அண்ணன் மகள், அங்கே இந்திய வம்சாவளியினர் பெருவாரியாக வாழும் சாட்ஸ்வர்த் பகுதியை நினைத்துப் போன மாதம் கேட்டது. காட்ட முடியும், காசும் கொடுக்க வேண்டாம். ஆனால் எந்தத் தரவிடம் போய்க் கேட்கிறோமோ அதைப் பொறுத்துப் பதில் மாறும். அவளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்ததில் எனக்குத் தெளிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தேர்தல் ஆணையம், அதாவது ஐஈசி. என் கணிப்பில் இதற்கு ஈடு வேறில்லை. 1999 முதல் ஒவ்வொரு தேர்தலின் முடிவும் வாக்குச்சாவடி வட்டம் வரை பிரித்து, எக்செல்லில் திறக்கும்படி கிடைக்கிறது. 2024இல் நாடு முழுக்க 23,000க்கு மேற்பட்ட வட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் எட்டு இலக்க எண். சாட்ஸ்வர்த் பக்கத்துப் பேவியூ, வெஸ்ட்கிளிஃப், அரீனா பார்க், ஷால்கிராஸ் என்று பள்ளிக்கூட வாசல் வரை போய்ப் பார்க்கலாம். சந்தேகம் வந்தால், சாவடி அதிகாரிகள் கையெழுத்திட்ட முடிவுத்தாளின் படத்தையே எடுத்து ஒப்பிடலாம். ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய உதவி என்ன வேண்டும்!

ஆனால் இங்கே மூன்று குழிகள் உண்டு. சில வட்டங்களில் வாக்குப்பதிவு 100 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். பார்த்ததும் மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம். தேர்தல் சட்டத்தின் 24A பிரிவுப்படி, 2019 வரை தேசியத் தேர்தலில் ஒருவர் தான் பதிவு செய்த சாவடியை விட்டு வேறொன்றில், அங்கேயே படிவம் நிரப்பி வாக்களிக்க முடிந்தது. அந்த வாக்கு, போட்ட இடத்துக் கணக்கில்தான் ஏறும். 2024இல் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்று விதி மாறியது. ஆகவே 2019ஐயும் 2024ஐயும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கணக்கு கோணலாகும். 24A வாக்குகளைத் தனியே பிரித்துப் பாருங்கள்.

இரண்டாவது, விழுக்காட்டின் அடியெண். 2024இல் வாக்குப்பதிவு 58.64 விழுக்காடு என்பது பதிவு செய்திருந்த 2 கோடியே 77 லட்சம் பேரில். பதிவே செய்யாத பெரியவர்களையும் சேர்த்தால் பத்தில் நான்கு பேர்தான் வாக்களித்தார்கள். என் அண்ணன் மகளின் கேள்விக்கு இரண்டாவது எண்தான் முக்கியம், ஆனால் ஐஈசி கோப்பில் அது கிடையாது.

மூன்றாவது, வார்டு எண்ணை நம்புவது. இதில் நானே வழுக்கி விழுந்தேன். ஒவ்வொரு உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்பும் எல்லை வரையறை வாரியம் வார்டுகளைத் திருத்துகிறது. டர்பனை உள்ளடக்கிய எதேக்வினி மாநகராட்சியில் 2016இல் 110 வார்டுகள், 2021இல் 111. நம்பர் அதே, நிலம் வேறு. இரு தேர்தல்களையும் வார்டு எண்ணால் இணைத்து நான் போட்ட அட்டவணை முழுவதையும் அழிக்க வேண்டியதாயிற்று. வாரியத்தின் எல்லை வரைபடக் கோப்புகள் இலவசம். அவற்றை முதலில் இறக்கிக்கொள்ளுங்கள்.

எல்லா இனத்தாரும் வாக்களித்த முதல் தேர்தலான 1994ஐ இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். அன்று வாக்காளர் பட்டியலே இல்லை. எங்கு வேண்டுமானாலும் நின்று வாக்களித்தார்கள்.

சரி, அந்த அடியெண் எங்கே? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில். அரசின் புள்ளிவிவரத் துறையான ஸ்டாட்ஸ் எஸ்ஏ 1996, 2001, 2011, 2022 ஆண்டுகளில் எடுத்தது. 2011 கணக்கெடுப்பு சின்னஞ்சிறு பகுதி அளவுக்கு இறங்குகிறது. 2022இல் விடுபட்டோர் சுமார் 31 விழுக்காடு, 2011இல் அது 14.6தான். புதியது என்பதற்காக 2022ஐ எடுத்து ஒரு பேட்டையின் கணக்கைப் போட எனக்கு மனம் வரவில்லை. தமிழரைத் தேடி இதற்குள் போகிறவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. 'இந்தியர் அல்லது ஆசியர்' என்ற ஒரே கட்டத்துக்குள் நாம், தெலுங்கர், இந்திக்காரர், குஜராத்திகள் எல்லாரும் அடக்கம். வீட்டுமொழியிலும் தமிழுக்குத் தனிக் கட்டம் இல்லை. நாயுடு, பிள்ளை, கவுண்டர், மூட்லி என்று குடும்பப்பெயரை வைத்து ஆளை எண்ணலாமே என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன். திருமணத்தில் பெயர் மாறும். தவிர, அதற்குப் பட்டியலில் உள்ள தனிமனிதரைத் துருவ வேண்டியிருக்கும்.

வெறும் பார்வைக்கு வாசிமேப் என்ற இணையதளம் போதும். வார்டைச் சொடுக்கினால் கணக்கெடுப்பும் வாக்கும் ஒரே பக்கத்தில் வரும். ஆய்வேட்டுக்கு அது பற்றாது.

இடத்தை விட்டு ஆளுக்கு வருவோம். ஒரு வட்டத்தில் இந்தியர் அதிகம், வாக்குப்பதிவு குறைவு என்றால், வராதவர்கள் இந்தியர்தான் என்று ஆகாது. அதைச் சொல்ல ஆளிடம் கேட்ட தரவு வேண்டும். ஆப்பிரிக்க நாடுகளில் கருத்தாய்வு நடத்தும் ஆஃப்ரோபாரோமீட்டர் 2000 முதல் இங்கே நேரில் போய்க் கேட்கிறது: கடந்த தேர்தலில் வாக்களித்தீர்களா, தேர்தல் ஆணையத்தை நம்புகிறீர்களா என்று. கோப்பை யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் 1,600 பேரிடம் கேட்டால், நாம் மக்கள்தொகையில் 2.7 விழுக்காடு என்ற கணக்கில் வருவது 43 பேர். அந்த 43 பேரைக் கொண்டு ஆண் பெண், இளையோர் முதியோர் என்று பிரிக்கவே முடியாது. பல சுற்றுகளைச் சேர்த்துப் போட்டால் கொஞ்சம் தேறும்.

இங்கேதான் எச்எஸ்ஆர்சி என்ற அரசு சமூக ஆய்வு நிறுவனத்தின் சமூக மனப்பான்மை ஆய்வு முந்துகிறது. 2003இல் தொடங்கி ஆண்டுதோறும் எடுப்பது. மாதிரியை வகுக்கும்போதே நான்கு இனப் பிரிவுகளையும் கணக்கில் கொள்வதால் இந்தியர் எண்ணிக்கை நம் விகிதத்தைவிடக் கூடுதலாக வரும். நாட்டு அளவில் பேசும்போது, கூடுதலாக வந்தவர்களை அவர்களின் உண்மை விகிதத்துக்குச் சரிசெய்யும் எடையைப் போட மறக்கக் கூடாது. பதிவு செய்து, ஒப்பந்தத்துக்குச் சம்மதித்த பிறகே கோப்பு கைக்கு வரும். அந்தப் பொறுமைக்குத் தகுந்த பலன் உண்டு. எந்தக் கருத்தாய்விலும் வாக்களிக்காதவர் சிலர் வாக்களித்தேன் என்றே சொல்வார்கள், அதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஆகவே அவளுக்கு நான் சொன்னது: எவ்வளவு பேர் என்பதற்கு ஐஈசியும் 2011 கணக்கெடுப்பும், ஏன் என்பதற்கு எச்எஸ்ஆர்சி. ஆஃப்ரோபாரோமீட்டர் துணைக்கு.

இவற்றுள் எதிலும் இல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. நிறவெறி ஆட்சி இந்தியருக்கென்று தனியே வைத்த அமைப்புகளின் தேர்தல்கள் அவை. 1981 நவம்பரில் இந்தியர் மன்றத் தேர்தலில் பத்தில் ஒருவர்தான் வாக்களித்தார். 1984 ஆகஸ்ட் 28இல் வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் என மூன்று அவைகள் கொண்ட நாடாளுமன்றத்தின் இந்தியர் அவைக்கு, பதிவு செய்தவர்களில் ஐந்தில் ஒருவர். அன்று வீட்டில் இருந்தது சோம்பல் இல்லை, புறக்கணிப்பு. அந்தத் துண்டறிக்கைகளும் வாய்மொழிப் பேட்டிகளும் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில், காந்தி-லுதுலி ஆவண மையத்தில் இருக்கின்றன. "அப்போ தாத்தா வோட்டு போடாததும் இப்போ என் தம்பி போடாததும் ஒரே கட்டத்துலயா வரும் சித்தப்பா?" என்று கேட்டாள். எக்செல்லில் ஆமாம் என்றேன். வரும் செவ்வாய்க்கிழமை வெஸ்ட்வில்லுக்குப் போகிறோம்.