ராஜாஜி சாலை ஸ்டேட் வங்கிக் கட்டடம்: நின்று பார்க்க வேண்டியது

பாரிமுனைக்குப் போகிறவர்கள் உயர் நீதிமன்றத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அதே கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வினின் கைவண்ணமும், அதே ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியின் கட்டுமானமும் ராஜாஜி சாலையிலும் இருக்கின்றன. 1897இல் மெட்ராஸ் வங்கிக்காக எழுந்த செங்கல் மாளிகை. 1921இல் இம்பீரியல் வங்கி, 1955 முதல் ஸ்டேட் வங்கி. இன்றும் வங்கியாகவே இயங்குவதுதான் இதன் பெரிய பலம்.

முகப்பு கடலைப் பார்த்தது. காலை ஒன்பதுக்குள் போனால் வெயில் நேரே விழுந்து வளைவுகளின் விளிம்பு துல்லியமாகத் தெரியும். மதியத்துக்கு மேல் எல்லாம் மங்கல். கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து நடக்கலாம். உள்ளே பார்க்க வேலை நாளில்தான் போக வேண்டும், படமெடுக்கக் காவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வட்டாரத்துச் செங்கல் கட்டடங்களில் தரையிலிருந்து மூன்றடி வரை உற்றுப் பாருங்கள். விரலால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா? அது உப்பு. செங்கல்களுக்கு இடையே உள்ள இணைப்புகளில் இருக்கும் சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் வழி அடைபட்டு, ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறும். உப்பு உள்ளே படிகமாகி, செங்கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். சிமெண்ட் அப்படியே நிற்கும், செங்கல் குழிந்துபோகும். கடற்காற்று வேறு சும்மா இருக்குமா?

சரிசெய்ய, இணைப்பின் அகலத்தைப் போல இருமடங்கு ஆழத்துக்குச் சிமெண்டை உளியால் எடுத்து, சுண்ணாம்புக் காரையால் நிரப்பி, சில நாள் ஈரச் சாக்கு போர்த்த வேண்டும். உளிக்குப் பதில் அறுக்கும் கிரைண்டர் இயந்திரம் வைத்தால் செங்கல் விளிம்பு போய்விடும்.