ஆட்டோ டாப்-ஆஃப் கிட்: சென்சார் பழுதா, வைத்த இடம் தப்பா?

கடல்நீர்த் தொட்டியில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு ஆர்ஓ தண்ணீரைச் சேர்த்துக்கொண்டே இருந்தால்தான் உப்பின் அளவு நிலையாக நிற்கும். அந்த வேலையைத் தானாகச் செய்ய விற்கும் ஆட்டோ டாப்-ஆஃப் கிட்களில் பரவலான அமைப்பு இதுதான்: ஒரு ஆப்டிகல் சென்சார், அதற்குச் சற்று மேலே காவலுக்கு ஒரு ஃப்ளோட் சுவிட்ச், 12 வோல்ட் பம்ப், கன்ட்ரோலர், காந்தப் பிடிப்பு, ட்யூப். இந்த விமர்சனம் அந்த அமைப்பைப் பற்றியது. தாராளமாக வாங்கலாம். ஆனால் கோளாறு வந்ததும் சென்சார் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பத்து நிமிடம் செலவழித்துப் பார்த்தால் பெரும்பாலும் வேறு காரணம் கைக்குக் கிடைக்கும்.

ஆப்டிகல் சென்சாரின் முனையில் ஒளி புகும் சிறு கூம்பு இருக்கும். உள்ளே ஒரு அகச்சிவப்பு எல்இடி, பக்கத்தில் ஒளியை உணரும் டிரான்சிஸ்டர். முனை காற்றில் இருந்தால் ஒளி கூம்பின் சுவரில் பட்டு முழுதாக உள்ளேயே திரும்பும். தண்ணீரில் மூழ்கினால் ஒளி வெளியே போய்விடும். ஒளி திரும்பினால் தண்ணீர் இல்லை, பம்ப் ஓடும். திரும்பாவிட்டால் தண்ணீர் இருக்கிறது, பம்ப் நிற்கும். இந்தச் சென்சாரின் கோளாறுகள் எல்லாமே இந்தக் கணக்குக்குள் அடங்கும்.

பம்ப் நிற்காமல் ஓடுகிறதா? எங்கிருந்தோ ஒளி வருகிறது என்று அர்த்தம். தண்ணீருக்குள் இருக்கும் கூம்பின் மேல் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே போதும், சென்சார் தன்னைக் காற்றில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். ஸ்கிம்மரின் (நுரையாக்கிக் கழிவைப் பிரிக்கும் கருவி) தண்ணீர் விழும் இடத்துக்குப் பக்கத்தில் சென்சாரை வைத்தால் இது கட்டாயம் நடக்கும். முனையில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பும் ஒளியைத் திருப்பி அனுப்பும். சம்ப் (மேல் தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத் தொட்டி) மேல் நேராக விழும் வெயிலும் டிரான்சிஸ்டரை ஏமாற்றும். முனையைக் கையால் மறைத்ததும் பம்ப் நின்றால் குற்றவாளி வெயில்தான். மாறாக, மட்டம் இறங்கியும் பம்ப் ஓடவில்லை என்றால் கூம்பைத் தடவிப் பாருங்கள். வழவழப்பான பாசி இருந்தால் அது பிடித்து வைத்திருக்கும் ஈரமே சென்சாருக்குத் தண்ணீராகத் தெரியும்.

சோதனை எளிது. சென்சாரைக் கழற்றி முனையை டிஷ்யூவால் ஒற்றித் துடையுங்கள். பம்ப் ஓட வேண்டும். ஒரு கப் தொட்டித் தண்ணீரில் முனையை அமிழ்த்துங்கள், நிற்க வேண்டும். சில கன்ட்ரோலர்கள் அலையை நம்பாமல் சில வினாடி பொறுத்தே முடிவெடுக்கும், அதனால் அவசரப்படாமல் ஐந்து முறை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஐந்திலும் சரியாக நடந்தால் சென்சார் நலம், சம்ப்பில் வைத்த இடம்தான் தப்பு. நடக்காவிட்டால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து முனையை 20 முதல் 30 நிமிடம் ஊற வையுங்கள். மென்மையான டூத் பிரஷ்ஷால் தேய்த்து ஆர்ஓ தண்ணீரில் அலசுங்கள். நகமோ பிளேடோ படக் கூடாது: கூம்பில் விழுந்த கீறல் திரும்பப் போகாது. இதற்குப் பிறகும் தடுமாறினால் கேபிள் சென்சாருக்குள் நுழையும் இடத்தையும் பிளக்கையும் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் உப்புநீர் உள்ளே போய்விட்டது. அந்தச் சென்சாரை மாற்றத்தான் வேண்டும்.

வைக்க வேண்டிய இடம், சம்ப்பில் தண்ணீரை மேல் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் அறை. மற்ற அறைகளின் மட்டத்தைத் தடுப்புக் கண்ணாடி பிடித்து வைத்திருக்கும், ஆவியாவதால் வரும் இறக்கம் இந்த அறையில்தான் தெரியும்.

ஃப்ளோட் சுவிட்ச்சுக்கு வருவோம். மிதவைக்குள் காந்தம், தண்டுக்குள் காந்தம் பக்கத்தில் வந்தால் இயங்கும் ரீட் சுவிட்ச். பெரும்பாலான நாட்கள் அசையாமல் சும்மா இருப்பதால் அதன் தண்டில் உப்பு இறுகிக்கொள்ளும், நத்தை ஏறி உட்காரும். மாதம் ஒருமுறை பம்ப் ஓடும்போது மிதவையை விரலால் தூக்கிப் பாருங்கள், பம்ப் நின்றாக வேண்டும். சுத்தம் செய்யக் கழற்றும்போது மிதவையின் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பல மாடல்களில் அதைத் தலைகீழாகப் போட்டால் சுவிட்ச்சின் வேலையே தலைகீழாகிவிடும். சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரை வயரில் வைத்து மிதவையை ஏற்றி இறக்குங்கள்: ஒரு நிலையில் தொடர்பு இருக்க வேண்டும், மறுநிலையில் அறுபட வேண்டும்.

கிட் நல்லதா என்று பார்க்க எங்கள் முதல் சோதனை, இந்தக் காவல் சுவிட்ச்சின் பிளக்கை உருவிவிடுவது. நல்ல கன்ட்ரோலர் உடனே பம்பை நிறுத்திக் கத்தும். கண்டுகொள்ளாமல் ஓடினால், என்றோ ஒருநாள் வயர் அறுந்தாலும் அப்படியேதான் ஓடும். அதை வாங்காதீர்கள்.

சென்சார்மேல் அநியாயமாகப் பழி விழும் இடம் சைஃபன். ட்யூபின் முனை ஆர்ஓ கேனின் நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக இருந்தால், பம்ப் நின்ற பிறகும் தண்ணீர் தானாக இறங்கும். முனை சம்ப் தண்ணீருக்குள் மூழ்கியிருந்து கேன் மட்டம் சம்ப்பைவிடத் தாழ்ந்தால் உப்புநீர் கேனுக்குத் திரும்பும். பம்ப் ஓடும்போது அடாப்டரைப் பிடுங்கி முனையைக் கவனியுங்கள். ஒழுக்கு நிற்காவிட்டால் முனையை, கேன் நிறைந்திருக்கும் மட்டத்துக்கும் மேலே தூக்கி, சம்ப் தண்ணீரைத் தொடாமல் கட்டுங்கள்.

பம்ப் ஒரே மூச்சில் இவ்வளவு நேரத்துக்கு மேல் ஓடாமல் கன்ட்ரோலர் நிறுத்தும் நேர வரம்பைப் பற்றி விற்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதைக் கணக்குப் போட்டுத்தான் நம்ப வேண்டும். 30க்கு 30 செ.மீ. அறையில் 1 செ.மீ. என்பது 900 மி.லி. நிமிடத்துக்கு 3 லிட்டர் தள்ளும் பம்ப் அதை 18 வினாடியில் நிரப்பிவிடும். அந்தப் பம்புக்கு 10 நிமிட வரம்பு வைத்தால் 30 லிட்டர் உள்ளே போய்விடும். அது காவலே இல்லை. வரம்பை ஒரு நிமிடத்துக்குக் குறைக்க முடிகிற கன்ட்ரோலருக்குக் கூடுதல் மதிப்பெண் தரலாம். அது முடியாவிட்டால் கேனைச் சிறிதாக வையுங்கள். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உப்புள்ள 200 லிட்டரில் 20 லிட்டர் கேன் முழுதும் கொட்டினால் உப்பு ஏறக்குறைய 31.8க்கு இறங்கும். பவளங்களுக்கு அந்தத் திடீர் இறக்கம் கொடுமை.

இந்த வகை கிட் எதுவும் பிடிக்க முடியாத ஒரு ஆபத்தும் உண்டு. மேல் தொட்டியின் ஓவர்ஃப்ளோ வழியை நத்தையோ பாசியோ அடைத்தால் தண்ணீர் மேலேயே தேங்கும், சம்ப் மட்டம் இறங்கும். சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்து ஆர்ஓ தண்ணீரைச் சேர்க்கும், மேல் தொட்டி வழியும். ஓவர்ஃப்ளோ வாயில் சல்லடை கட்டி வாரம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள்.

பம்ப், ட்யூப் எல்லாம் எங்கும் கிடைக்கும் பொருட்கள்தான், அவற்றுக்காகக் கிட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சென்சார் மட்டும் ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் தனி. உதிரி சென்சார் தனியாக விற்கிறார்களா, பிளக்கில் கழற்றி மாட்ட முடியுமா என்று கேளுங்கள். இல்லை என்றால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.