சபைக்கு ஃபைபர் ஞானஸ்நானத் தொட்டி: வாங்கலாமா?

முழுக்கு ஞானஸ்நானத்துக்கென்று ரெடிமேடாக விற்கும் ஃபைபர் தொட்டி நல்ல சரக்குதான். டைல்ஸ் இடுக்கில் பூச்சு விட்டுக் கசியும் சிமென்ட் தொட்டித் தொல்லை இதில் இல்லை. வாங்குகிறவர்கள் கோட்டை விடுவது அளவிலும் வைக்கிற இடத்திலும்.

எட்டுக்கு நாலு அடி என்றால் படியையும் சேர்த்தா என்று கேளுங்கள். உள்ளே மூன்று படி வந்தால் இரண்டரை அடி போய்விடும். 6 அடித் தொட்டியில் மிச்சம் மூன்றரைதான். ஆளைப் பின்னால் சாய்க்கும்போது தலை படியில் இடிக்கும். 8 அடிக்குக் குறைய வேண்டாம்.

அதில் 3 அடி தண்ணீர் நிறுத்தினால், படி அடைக்கும் இடம் போக, சுமார் 2,300 லிட்டர். சதுர மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் பாரம். ஆட்கள் கூடும் மன்றத் தளத்துக்கு ஐ.எஸ். 875 (கட்டடம் தாங்க வேண்டிய பாரத்துக்கான இந்தியத் தர விதி) வைத்திருக்கும் கணக்கோ 400 முதல் 500 கிலோ. மாடி ஹால் என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேட்காமல் ஆர்டரே கொடுக்காதீர்கள். தரைத்தளத்திலும் மட்டம் பார்த்த கான்கிரீட் வேண்டும். நாலு மூலைக்குச் செங்கல் கொடுத்து நிறுத்தினால் அடிப்பாகம் நடுவில் தொய்ந்து, ஜெல்கோட்டில் (ஃபைபரின் பளபளப்பான மேல்பூச்சு) மயிரிழை விரிசல் விழும்.

வடிகால் 2 இஞ்ச் கேட்டு வாங்குங்கள், அரை மணிக்குள் காலியாகும். 1 இஞ்ச் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் காவல் இருக்கணும்.

தண்ணீருக்கு 15 முதல் 20 கிராம் ப்ளீச்சிங் பவுடர் போதும். வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றவும். மண்டி இறங்கினால் அடியில் வெள்ளைத் திட்டுப் படியும். தலை எண்ணெய் நீர்மட்டத்தில் வளையம் கட்டும், அன்றைக்கே துடைத்தால் போகும் (நம் ஊரில் இது தப்பாது). படிக்கு வழுக்காத பட்டை அவசியம், ஈர ஜெல்கோட் சறுக்கும்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ஹீட்டர் கேட்பார்கள். 10 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 27 யூனிட். 3 கிலோவாட் ஹீட்டருக்கு 9 மணி நேரம். ஆள் இறங்குமுன் ஸ்விட்சை அணைத்தால் போதாது, ப்ளக்கையே பிடுங்க வேண்டும். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாத லைனில் மாட்டவே கூடாது. மைக்கும் இந்தக் கணக்கில்தான் சேர்த்தி: 2005-ல் டெக்சாஸின் வாகோ நகரில் தொட்டித் தண்ணீரில் நின்றபடி மைக்கைத் தொட்ட போதகர் மின்சாரம் தாக்கி இறந்தார். மைக் வெளியே நிற்பவர் கையில் இருக்கட்டும்.