பன்சன் அடுப்பு: மஞ்சள் சுடரா, நீலச் சுடரா?

ஆய்வகத்தில் சூடாக்கப் பயன்படும் வாயு அடுப்பு இது. குழாயின் அடியில் உள்ள காற்றுத் துளையை மூடினால் வாயு தனியாக மேலே வந்து, விளிம்பில் மட்டும் காற்றோடு கலந்து எரியும். உள்ளே ஆக்சிஜன் எட்டாததால் கரித்துகள்கள் உருவாகி, பழுக்கக் காய்ந்து மஞ்சளாக ஒளிரும். பீக்கரின் அடியில் கரி அப்பிக்கொள்ளும். பற்றவைக்க மட்டும் இதுதான் சரி. கண்ணுக்கு நன்றாகத் தெரியுமே.

துளையைத் திறந்தால் வாயுவும் காற்றும் குழாய்க்குள்ளேயே கலந்துவிடும், சுடர் நீலமாகும். ஒரு பங்கு மீத்தேன் (இயற்கை எரிவாயுவின் முக்கியப் பகுதி) முழுதாக எரிய சுமார் 9.5 பங்கு காற்று வேண்டும். துளை வழியே ஒரு பகுதிதான் வரும், மிச்சம் வெளியிலிருந்து. அதிகச் சூடு நீல உள்கூம்பின் நுனிக்குச் சற்று மேலே. பாத்திரத்தை அங்கே வையுங்கள், கூம்புக்குள் அல்ல.

வாயுவைக் குறைத்துத் துளையை அகலத் திறந்தால் சுடர் குழாய்க்குள் இறங்கி அடியில் எரியும். குழாய் கொதிக்கும், தொடாதீர்கள். வாயுவை நிறுத்தி, ஆறவிட்டு, துளையை மூடிய பிறகே மீண்டும் பற்றவையுங்கள்.