மண் தடமா, தார்த் தடமா?

சனி, ஞாயிறு இரண்டு நாளில் சின்ன ரேஸ் டிராக்குகளைப் பார்க்கக் காரில் கிளம்பினால், முதல் இரவை மண் தடத்துக்கே கொடுப்பேன். பந்தயத்துக்கு முன் களிமண்ணில் தண்ணீர் ஊற்றி இறுக்குவார்கள். முதலில் டயர் நன்றாகப் பிடிக்கும். நேரம் ஆக ஆக மண் காய்ந்து வழுக்கும். அப்புறம் ஈரம் மிச்சமிருக்கும் இடத்தைத் தேடி ஓட்டுநர்கள் பாதை மாற்றுவார்கள். இடது வளைவில் கார் பக்கவாட்டில் சறுக்க, முன் சக்கரங்கள் வலப்பக்கம் பார்த்து நிற்கும். அந்தக் காட்சிக்காகவே எவ்வளவு தூரமும் போகலாம்! வளைவோரம் உட்கார்ந்தால் மண்கட்டி தெறிக்கும். மேல் வரிசைதான் நல்லது.

தார்த் தடத்தில் சறுக்கினால் நேரம் போகும், டயரும் தேயும். டயரைக் காப்பாற்றி வைத்தவர் யார் என்பது கடைசிச் சுற்றுகளில் தெரியும். மழைக்குப் பிறகு தார் சீக்கிரம் காய்ந்துவிடும், மண் சேறாகிவிடும். சனிக்கிழமை வானம் மூடியிருந்தால் அன்று தார்த் தடத்துக்கும் மறுநாள் மண் தடத்துக்கும் போங்கள்.